என் வகுப்புக்கு நானே நோயாளி

எங்களுக்குப் பெயர் 'கோவிட் பேட்ச்'. மருத்துவப் படிப்பின் தொடக்கத்தை வீட்டில் மொபைலைப் பார்த்துப் படித்த கூட்டம். பிணத்தைத் தொட்டுக் கற்க வேண்டியதைக்கூட வீடியோவில்தான் கற்றோம். பிறகு வார்டுக்குள் தள்ளிவிட்டு, ஊசி போடத் தடுமாறினால், "மொபைல்ல படிச்சதா?" என்று நோயாளி முன்னாலேயே சீனியர் டாக்டர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் நாசமாகப் போகட்டும். நாங்களா கல்லூரியை மூடினோம்?

எனக்குத் தூக்கம் போயிற்று. யாரையாவது கொன்றுவிடுவேனோ என்ற பயம். எங்கள் வீடு இருக்கும் பெஹாலாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, இந்தச் சக்கரத்தில் விழுந்தால் நாளைக்கு வார்டுக்குப் போக வேண்டாமே என்று தோன்றும். அம்மாவிடம் தூக்கத்தை மட்டும் சொன்னேன்.

"உங்க காலேஜ்லயே டாக்டர் இருக்காரேடி, போய்க் காட்டு" என்றாள்.

காட்டினேன். மனநலப் பேராசிரியரைச் சுற்றி என் வகுப்பே நின்றது, அன்று அவர்களுக்கு அங்கேதான் பயிற்சி போஸ்டிங். அவர்களை வெளியே அனுப்புவார் என்று பார்த்தால், "நல்ல கேஸ். தாய்மொழியில் கேட்டால்தான் மனம் திறக்கும்" என்றார். வங்காளிகள் நிறைந்த பேட்ச்சில் என்னைத் தவிர தமிழ் தெரிந்தவன் ஒரு மதுரைக்காரன்தான். அவன் என்னைத் தமிழில் கேட்டு, அவருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். படுபாவி, என்னை வைத்துப் பாடம் நடத்தினார்.

மதுரைக்காரன் என் முகத்தைப் பார்க்காமலே ஒவ்வொன்றாகக் கேட்டான். கடைசியில், "செத்துரலாம்னு தோணுதா?" என்றான்.

"தோணுது."

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பரீட்சை எழுத விடமாட்டாங்க. சொல்லவா?"

"வேணாம்."

அப்படி எண்ணம் எதுவும் இல்லை என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னான். அவன் கேள்வி கேட்ட விதத்தைப் பேராசிரியர் பாராட்டினார். எனக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒழுங்காகப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

படிக்கட்டில் அவன் என் பின்னாலேயே வந்தான்.

"மாத்திரைய நீ வச்சுக்காத. அம்மாகிட்ட குடுத்துரு."

"ஏன்?"

"எனக்கும் இதத்தான் குடுத்தாங்க, நான் சாப்பிடாம சேத்து வச்சிருக்கேன். அதான் சொல்றேன்."

அவனை விடாமல் பெஹாலாவுக்கு இழுத்துக்கொண்டு போய், அம்மாவிடம் இரண்டு பேர் கதையையும் சொன்னேன். அம்மா உடனே டாக்சி பிடித்து எங்கள் இருவரையும் சால்ட் லேக்கில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே படிக்கிற எங்களுக்கு வைத்தியம் பார்க்க, ஊரின் அந்தக் கோடிவரை போக வேண்டியிருந்தது.