ஆவணிக்குள் ஒரு வீடு

வீடு பார்ப்பது என்பது நியமன ஆணை இல்லாமல் நம் தலையில் வந்து விழும் உத்தியோகம். சம்பளம் கிடையாது, மேலதிகாரிகளுக்கு மட்டும் குறைவே கிடையாது. இந்த உத்தியோகத்தில் அல்லல்பட்டவர்களும், இப்போது பட்டுக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஏனையோர் வாடகை வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய விருப்பமில்லை.

நான் அருப்புக்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். என்னுடன் இருப்பவள் தங்கை வசந்தா. எங்களுக்கு வேறு குடும்பம் இல்லை. குடியிருந்தது ஒரு மாடி வீடு. வசந்தாவின் முழங்கால்கள் தேய்ந்துபோன பிறகு அந்த வீட்டின் படிகள் அவளை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டன. மருத்துவரிடம் போவதற்கு மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். திரும்ப ஏறியபின், மாத்திரை தீரும்வரை தெருவைச் சன்னல் வழியாகத்தான் பார்ப்பாள். ஆகவே தரைத்தளத்தில், படி குறைந்த சொந்த வீடு ஒன்று தேடினோம்.

பாளையம்பட்டிக்கு அப்பால், புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் ஒன்று அமைந்தது. கட்டியவர் செகநாதன், காட்டியவர் தரகர் வரதராசு. அதைப் பார்க்க வசந்தாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். "ஆவணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க டீச்சர். புரட்டாசியில பால் காய்ச்ச மாட்டீக. ஐப்பசி வரைக்கும் வீடு நிக்காது" என்றார் வரதராசு. நிற்காத வீட்டை எப்படி வாங்குவது என்று நான் கேட்கவில்லை. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

புதிது என்பதன் பொருள்

வரதராசு புத்தம் புது வீடு என்றுதான் சொல்லியிருந்தார். தரை பளபளத்தது, கதவில் மெருகு வாசனை போகவில்லை. ஆனால் அடுப்படியில், மேடைக்கு மேலே, தாளித்த எண்ணெய் படிந்த மஞ்சள் நிழல் ஒன்று சுவரில் இருந்தது. குளியலறைக் கொடியில் ஒரு துண்டும் காய்ந்தது. வீட்டில் யாரேனும் குடியிருந்தார்களா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். கட்டியவர் பால் காய்ச்சினார்; விற்கும்வரை வீடு பூட்டிக் கிடக்கலாகாது என்று குடும்பத்தோடு சில மாதம் இங்கே தங்கினார்; அவ்வளவுதானாம்.

வசந்தாவுக்கு உடனே ஒரு ஐயம். அவர்கள் காய்ச்சிய பால் முதற்பால் என்றால், நாம் காய்ச்சப்போவது என்ன? புது வீட்டுக்குப் போகிறோமா, பழைய வீட்டுக்குக் குடிமாறுகிறோமா? நான் அகராதி பார்த்துப் பழகியவள். "புதிது" என்ற சொல்லுக்கு இத்தனை உட்பிரிவுகள் உண்டென்று எந்த அகராதியும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு வீட்டில் தங்குவதற்கும் குடியிருப்பதற்கும் வேறுபாடு என்னவென்று வரதராசுவையே வினவினேன். அவர் சற்றும் தயங்காமல் சொன்னார்:

"காவலுக்குத்தான் டீச்சர் படுத்திருந்தாக. அடுப்பும் காவலுக்குத்தான் எரிஞ்சுச்சு."

ஒரு நெடிலின் விலை

நம் பக்கத்தில் "நல்ல தண்ணி" என்றால் குடிக்கிற தண்ணீர். மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர். குளிக்கவும் துலக்கவும் ஆகும். இது குழந்தைக்கும் தெரிந்த பாகுபாடு. வரதராசு ஆழ்துளைக் கிணற்றைக் காட்டி, "நல்லாத் தண்ணி இருக்கு" என்றார். என் காதில் "நல்ல தண்ணி இருக்கு" என்றே விழுந்தது. "நல்ல" என்பது பெயரடை. தண்ணீரின் குணத்தைச் சொல்வது. "நல்லா" என்பது நன்றாக, அதாவது நிறைய, அளவைச் சொல்வது. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரேயொரு நெடில். வாழ்நாள் முழுதும் குறில் நெடில் திருத்திய எனக்கே அந்த நெடில் பிடிபடவில்லை. வசந்தா குழாயைத் திறந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை விவரிக்க வேண்டியதில்லை.

"நீங்கள் சொன்னது நல்ல தண்ணியா, நல்லாத் தண்ணியா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்" என்றார். இனி அக்கம்பக்கத்தில்தான் உண்மை கிடைக்கும் என்று எதிர்வீட்டுப் பெண்மணியை அணுகினோம். பூமயில் என்று பெயர். வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகுமா என்று கேட்டேன். வேகும், ஆனால் நேரமாகும் என்றார். அப்படியானால் உப்புத்தானே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உப்புன்னா அது எங்க வீட்டுத் தண்ணி டீச்சர். அங்க இருக்கது வெறும் சவரு, லேசாத்தான் கரிக்கும். பயப்படாம வாங்குங்க."

வெடிப்பு

சன்னலின் மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு கீழ்நோக்கி இறங்கியது. நம் ஊர்க் கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மழை குடித்தால் உப்பும், வெயிலில் சுருங்கும், மேலே இருப்பது குடிசையா மாளிகையா என்று பார்க்காது. "பூச்சு வெடிப்புத்தான் டீச்சர், சுவரு கல்லு மாதிரி" என்றார் செகநாதன். விற்பவர் சொல்லை மட்டும் நம்பலாகாது என்று, எங்களுக்கு அறிமுகமான கொத்தனார் சுப்பையாவை அடுத்த வாரம் அழைத்துப் போனேன்.

சுப்பையா சுவரைத் தட்டினார்; காது வைத்துக் கேட்டார்; வெளியே போய் அடித்தளத்தைப் பார்த்தார். பூச்சாகவும் இருக்கலாம், சுவராகவும் இருக்கலாம் என்றார். எப்போது தெரியும் என்று கேட்டேன். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்து, கோட்டைத் தாண்டி நீள்கிறதா என்று ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்க்க வேண்டுமாம். ஆவணி முடியப்போகிறதே என்றேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே சொன்னார்:

"பாத்துட்டு வாங்குறதுதான் நல்லது. ஆனா பாத்து முடிக்கிறதுக்குள்ள வித்துப்போகும். அதனால வாங்கிட்டுப் பாருங்க."

பென்சில் கோடு

ஆயினும் கோடு போட்டேன். கைப்பையில் பென்சில் இல்லாமல் நான் வெளியே போனதில்லை. வெடிப்பின் இரு நுனியிலும் மெல்லிய கோடு கிழித்து, பக்கத்தில் தேதியையும் பொடி எழுத்தில் குறித்துவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது கோடும் இல்லை, தேதியும் இல்லை, வெடிப்பும் இல்லை. அந்தச் சுவர் முழுவதும் புதிதாகச் சுண்ணாம்பு நிறத்தில் மின்னியது. இதைப் பார்த்தவுடன் சினம் கொள்வதா, சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வெடிப்பை மறைக்கவே பூசினார் என்றால் வீடு வேண்டாம் என்று அன்றே திரும்பியிருக்கலாம். ஆனால் செகநாதன் என்னை விருந்தாளியைப் போல வரவேற்று, சுவரைத் தடவிக்காட்டி, பெருமிதத்தோடு சொன்னார்:

"யாரோ சின்னப்பிள்ளைக கிறுக்கி வச்சிருந்துச்சுக டீச்சர். நீங்க வாரீகன்னு சுத்தமா அடிச்சு விட்டுட்டேன்."

நரிக்குடிக் கருத்து

என்னோடு பணியாற்றிய உடற்பயிற்சி ஆசிரியர் நரிக்குடிக்காரர். எதையும் நேருக்கு நேர் சொல்லக்கூடியவர். எனவே அவரிடம் ஒரு தெளிவு கிடைக்கும் என்று அழைத்துப் போனேன். எல்லா அறைகளையும் சுற்றிவந்தார், மொட்டைமாடிக்கும் ஏறி இறங்கினார், பிறகு சொன்னார்:

"எல்லாம் சரிதான் டீச்சர். ஒரு ஆடு கட்ட இடமில்லையே."

பிறமொழி

ஒரு நாள் எங்களைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, வரதராசுவும் செகநாதனும் எங்கள் முன்னாலேயே தெலுங்கில் பேசத் தொடங்கினார்கள். அருப்புக்கோட்டையில் இப்படி ஒரு தவறு செய்ய மிகுந்த துணிச்சல் வேண்டும். இவ்வூரில் தெருவில் தமிழ் பேசுகிறவர்களில் எத்தனையோ பேர் வீட்டுக்குள் போனதும் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான்; அப்பாவின் தறிச் சத்தத்தோடு சேர்ந்து கேட்டு வளர்ந்த மொழி. நான் தமிழாசிரியை என்பதால் அவர்களுக்கு அது தோன்றவில்லை போலும்.

இனி உண்மை வெளிவரும் என்று முகத்தைச் சலனமின்றி வைத்துக்கொண்டேன். "எதற்கு அந்தச் சுவரில் வர்ணம் அடித்தாய், டீச்சர் சந்தேகப்படுகிறார்" என்று வரதராசு கடிந்தார். "சத்தியமாகக் கிறுக்கலை மறைக்கத்தான் அடித்தேன், என் பணத்தைப் போட்டு நல்லபடியாகக் கட்டிய வீடு, இந்த அம்மாள் பார்க்கிற பார்வையில் எனக்கே பயமாக இருக்கிறது" என்றார் செகநாதன். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. பொய் சொல்லி அகப்பட்டிருந்தால் என் முடிவு எளிதாகியிருக்கும். எங்களுக்குத் தெலுங்கு தெரியும் என்று தெரிந்துகொண்டே பேசினார்களோ என்ற புதிய ஐயமும் பிறந்தது. அந்நேரம் வசந்தா, என்னைக் கேட்காமலே, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று தெளிவான தெலுங்கில் கேட்டுவிட்டாள். வரதராசு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தமிழ் டீச்சருன்னுல்ல சொன்னாக."

கடைசி வெள்ளி

ஆவணியின் கடைசி வெள்ளியன்று மீண்டும் போனோம். வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் என்னிடம் சமமான காரணங்கள் இருந்தன. வசந்தாவைக் கூடத்தில் அமர்த்திவிட்டு, பின்பக்கத்து வடிகாலை ஆராய்ந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. எங்கள் வீட்டில் நாற்காலி காலியாக இருந்தால் அவள் எங்கோ விழுந்து கிடக்கிறாள் என்று பொருள். அறை அறையாகப் பெயர் சொல்லி அழைத்தேன். குளியலறையைத் திறந்து பார்த்தேன். பதில் இல்லை. வாசற்கதவு திறந்திருந்தது.

தெருமுனையில் கீரைக்காரர் சைக்கிளை நிறுத்தியிருந்தார். எங்கள் மாடி வீட்டில் கயிறு கட்டிய பையைக் கீழே விடுவோம். விற்பவர் போட்டதுதான் கீரை. இங்கே வசந்தா கூடைக்கருகில் நின்று, ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்து, தண்டு முற்றல் என்று அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பின்பு பூமயில் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒரு கையால் பற்றிக்கொண்டு, யாருடைய தோளும் இல்லாமல் நடந்து வந்தாள். வாசலில் இருந்த ஒற்றைப் படியில் தானே ஏறினாள். மூச்சு வாங்கியது. "சொல்லாமல் எங்கே போனாய்? இங்கே அடுப்பும் இல்லை, சட்டியும் இல்லை. கீரையை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?" என்று கடிந்துகொண்டேன். அரைக்கீரைக் கட்டைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"கீரைய நான் வாங்கிட்டேன்க்கா. வீட்ட நீ வாங்கு."

எந்த ஆராய்ச்சியின் முடிவில் அந்த வீட்டை வாங்கினீர்கள் என்று யாரேனும் வினவினால், ஒரு கட்டு அரைக்கீரை வாடுவதற்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு மேல் தெளிவான விடை எதுவும் என்னிடம் இன்றுவரை இல்லை.