ஷைலாவின் குரலில் நடுக்கம் இல்லை

துடியலூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது விமலாராணியின் வேலை. இருபது வயதில் சேர்ந்தவள். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. சேர்ந்த புதிதில் அவளுக்கு வாய் திறந்து பேசவே வராது. சூப்பர்வைசர் எதையாவது கேட்டால் ‘சரிங்க’ என்ற ஒரு சொல்கூட நடுங்கிக்கொண்டுதான் வெளியே வரும்.

அந்த நாளில் மாதா கோயில் திருவிழாக்களில் ‘சாரல்’ என்றொரு மெல்லிசைக் குழு பாடிக்கொண்டிருந்தது. அதன் பாடகி ஷைலாவுக்கும் அவள் வயதுதான். பாட்டு மேலே ஏறும் இடத்தில் ஷைலா முந்தானை நுனியைக் கசக்குவாள். குரல் கொஞ்சம் ஆடும். அவ்வளவுதான், உடைந்துவிடும் என்று தோன்றும்போது நிமிர்ந்து மேலே போய்விடும். அந்தக் கணத்துக்காகவே விமலா போத்தனூர், கிணத்துக்கடவு என்று பஸ் பிடித்துப் போய்க் கேட்டாள். நடுங்குகிறவளும் போய்ச் சேரமுடியும் என்பது அவளுக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

கம்பெனியில் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் காயில் சுற்றினார்கள். ஒருநாள் விமலா மேனேஜர் அறைக்குள் போய், “எங்களுக்கு உக்கார ஸ்டூல் வேணுமுங்க” என்றாள். குரல் ஆடியது. ஆனாலும் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தாள். பதினைந்து நாளில் ஸ்டூல்கள் வந்தன.

பிறகு ஷைலா கல்யாணமாகி மஸ்கட் போய்விட, குழு கலைந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து, போன ஜனவரியில், கோயில் நோட்டீஸ் பலகையில் ‘சாரல்’ என்று பார்த்ததும் விமலா புருஷனிடம் ஓடினாள். “ஏனுங்க, ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஆட்டோவுக்கு லீவு உட்டுப்போடுங்க.” ஏசுவடியான் ஆர்.எஸ்.புரம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஷைலா பிசிறில்லாமல் பாடினாள். காதில் சின்னக் கருவி, பக்கத்தில் லேப்டாப், தாளம் இம்மி பிசகவில்லை. கூட்டம் கைதட்டித் தீர்த்தது. முன்பு குரல் ஆடிய அந்தப் பழைய பாட்டும் வந்தது. உச்சத்தை ஷைலா சிரித்துக்கொண்டே, படியேறுவதுபோல ஏறிக் கடந்தாள். விமலாவும் கை தட்டினாள். ஆனால் நெஞ்சுக்குள் எதுவும் நடக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் தயங்கித் தயங்கி மேடைக்குப் பின்னால் போனாள்.

“நல்லாப் பாடுனீங்க. முன்னெல்லாம் மேல போறப்ப கொரல் ஒரு நடுங்கு நடுங்குமுங்க. அதக் கேக்கத்தான் வருவேன்.”

ஷைலா சிரித்தாள். “அது பயமுங்க அம்மணி. ஒவ்வொரு மேடைக்கும் முன்னால வாந்தி எடுத்துப்போடுவேன். பாடறதே தண்டனையாட்டம் இருக்கும். இப்பத்தான், மஸ்கட்டுல மறுபடி ஆரம்பிச்சு, மூணு வருஷமா சந்தோஷமாப் பாடறேன்.”

விமலாவுக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷி பயந்து நின்ற நேரத்தையா இத்தனை காலம் ரசித்தோம்? அது திரும்ப வரவில்லை என்றா இன்று ஏமாந்தோம்? அந்த நடுக்கம் தந்த தைரியத்தில் தான் ஸ்டூல் கேட்ட கதையைச் சொன்னாள்.

ஷைலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இது எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தாலும் பயந்துதான் இருப்பேன்” என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஆட்டோவில் ஏசுவடியான் கேட்டார்: “எப்படி இருந்துச்சு?”

“முன்னைய விட நல்லாப் பாடறாங்க.”

“அப்புறம் எதுக்கு மூஞ்சிய அப்படி வெச்சிருக்கே?”

“அவங்களுக்குச் சந்தோஷமா இருக்குது. அது எனக்கும் சந்தோஷந்தான். ஆனா நான் கேக்க வந்தது கெடைக்கலீங்க. ரெண்டும் நெசந்தான்.”

பிப்ரவரியில் கிணத்துக்கடவில் ‘சாரல்’ பாடியபோது விமலா தனியாகவே பஸ் ஏறிப் போனாள். இந்தத் தடவை பின்வரிசையில் உட்கார்ந்தாள். புதுப்பாட்டு இரண்டு பிடித்திருந்தது. லேப்டாப்பில் வந்த புல்லாங்குழல் பிடிக்கவில்லை.