வானத்து மழை குடிக்கிற காணி

என் அக்காவின் கணவர் பாக்கியரத்தினம், திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படைக்குச் சமைத்துக்கொண்டிருந்தவர். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது அத்தானின் வேலையும் போயிற்று. அவருடைய கைப்பக்குவத்துக்கு வேறு யாராக இருந்தாலும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருப்பார்கள். அத்தான் வயல் வாங்கினார். அதுவரை மண்வெட்டி பிடித்தறியாத மனிதர்!

காரணம் வேதம். பாலையூற்றில் இருந்த எங்கள் சின்னக் கிறிஸ்தவக் கோயிலுக்குக் குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அத்தான்தான் பிரசங்கியார். எங்கே தொடங்கினாலும் மழையில் வந்துதான் நிற்பார். நோவாவின் காலத்தில் தண்டனையாகக் கொட்டிய மழை, எலியாவின் செபத்துக்குப் பதிலாக வந்த மழை, சொல்லுக்கு அடங்கி நடக்கிற சனத்துக்கு விதைப்புக்கு முன்மாரியும் கதிர் முற்றப் பின்மாரியும் தருவேன் என்று ஆண்டவர் கொடுத்த வாக்கு. கலியாண வீட்டில் நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டாலும் மழைதான். ‘மழைப் பிரசங்கியார்’ என்ற பட்டத்தை ஊர் கொடுத்தது. அதைப் பரப்பியதில் எனக்கும் பங்குண்டு.

வேதத்தில் அவருக்கு உயிரான பகுதி ஒன்று உண்டு. எகிப்து, ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து பயிர்செய்கிற நாடு. அங்கே மனிதன் தன் கைகாலை நம்பிப் பிழைத்துக்கொள்ளலாம். கானானோ வானத்து மழையைக் குடிக்கிற நாடு. அங்கே மேலே பார்க்காமல் ஒருவனும் சோறு தின்ன முடியாது. மோசே தன் சனத்துக்குச் சொன்ன இந்தக் கதையை அத்தான் அப்படியே தம்பலகாமத்துக்குக் கொண்டுபோனார். காணி காட்ட வந்தவர் கிண்ணியா ஊர் ஆதம்பாவா நானா.

“ஐயா, இது கந்தளாய்க் குளத்துத் தண்ணி பாயிற வயல். மற்றது மானாவாரி. மழை பேஞ்சாத்தான் உண்டு. ஆறுதலா யோசிச்சு எடுங்கோ.”

“யோசிக்க என்ன இருக்கு நானா? இது எகிப்து, அதுதான் கானான். அதை எழுதுங்கோ.”

ஆதம்பாவா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அந்த மானாவாரிக் காணி விலைபோகும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. கானானுக்கு மேல்வரம்பில் இருந்த வயல் அத்தானின் சொந்த அண்ணன் சின்னராசாவினுடையது. அவர் தம்பலகாமத்து அன்னலட்சுமியைக் கட்டி, மனைவியோடு கோணேசர் கோயிலுக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அத்தான் அந்த வீட்டில் கை நனைத்ததில்லை. “அவருக்குப் பக்கத்திலயோ வாங்குறீங்கள்?” என்று அக்கா கேட்டாள். கானான் என்றால் அயலில் வேறு சாமி கும்பிடுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள் என்று அத்தான் சொல்லிவிட்டார்.

முதல் சில மாரிகளில் கானான் நன்றாகவே விளைந்தது. அத்தானைப் பிடிக்க ஏலாது. பிறகு அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் ஐப்பசி பிறந்தும் வானம் வெளித்துக் கிடந்தது. எலியா மலையில் இருந்து செபித்துக்கொண்டு, கடலைப் பார்த்து வா என்று வேலைக்காரனை ஏழு தரம் அனுப்பினாரல்லவா? அத்தானுக்கு வேலைக்காரன் இல்லை. தானே செபித்து, தானே பின்னேரங்களில் கோணேசர் மலையில் ஏறிக் கடலைப் பார்த்தார். சாமி கும்பிட வந்த சனம் இவரை விநோதமாகப் பார்த்தது.

ஒருநாள் இறங்கி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

“வந்திட்டுது! கையளவு! கடலுக்குள்ள இருந்து எழும்புது!”

எலியாவின் வேலைக்காரன் கடைசியாகக் கண்டதும் கையளவு மேகம்தான். அடுத்த நாளே அத்தான் வீட்டில் இருந்த விதைநெல் முழுவதையும் கொண்டுபோய்ப் புழுதியில் விதைத்துவிட்டார். அவர் கண்ட மேகமோ தேயிலை ஏற்ற வந்த கப்பலாகத் துறைமுகத்துக்குள் நுழைந்து நங்கூரம் போட்டது. வருடக்கணக்காகக் கப்பல் புகையை முகர்ந்துகொண்டு கறி வைத்த மனிதருக்குக் கப்பல் புகை பிடிபடவில்லை! அக்கா குசினி நிலத்தில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அழுதாள். வீட்டில் இனி ஒரு பிடி விதைநெல் இல்லை. மழை பிந்தினால் எறும்பும் குருவியும் தின்றுவிடும். தூறலாகப் பெய்தால் முளைத்துக் கருகிவிடும். அந்த வயல் போனால் வரும் வருடம் அடுப்பில் ஏற்ற ஒன்றுமில்லை.

அத்தான் தன்மேல் பிழை இருக்கலாம் என்று நினைக்கிற வகை அல்ல. அந்த ஞாயிறு பிரசங்கத்தில், வேறு பீடங்களுக்கு முன்னால் முழங்கால் மடக்குகிறவர்களால்தான் வானம் அடைபட்டுக் கிடக்கிறது என்று முழங்கினார். பெயர் சொல்லவில்லை. “ஒரு வயிற்றில் பிறந்தும்” என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெயரைச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கேவலமாக இருந்திராது. பின்னேர பஸ்ஸோடு அந்தக் கதை தம்பலகாமத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த கிழமை ஒரு தூறல் தூறியது. அக்கா பயந்தபடியே விதை முளைத்தது. பிறகு வெயில் எறித்தது. முளைகள் நுனி மஞ்சளித்து நின்ற நேரத்தில் அத்தானும் நானும் வயலுக்குப் போனோம். பகல் திரும்பியதும் குடாப் பக்கமாக ஒரு முகில் கறுத்து எழும்பியது. இது கப்பல் இல்லை. இரைந்துகொண்டு வந்து சின்னராசா அண்ணனின் வயலில் கொட்டு கொட்டென்று கொட்டியது. வரம்பு வரைக்கும் வந்தது. வரம்பைத் தாண்டவில்லை.

உண்மையாகத்தான் சொல்கிறேன். அத்தான் காய்ந்த சட்டையோடு இந்தப் பக்கம் நின்று வரம்புக்கு மேலால் கையை நீட்டினார். கை நனைந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போய், வாய்க்குள் சால்வையை அடைத்துக்கொண்டேன். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அவர் பயந்துபோயிருந்தார். தான் பிரசங்கித்த சட்டத்தின்படி இப்போது பாவி யார்?

மழை விட்டதும் சின்னராசா அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். அவர் இன்னும் விதைக்கவில்லை. உழுவதற்கே மழையைப் பார்த்திருந்தவர். இப்போது வயலில் உழவுக்கு அளவாகத் தண்ணீர் நின்றது. அவர் நேரே போய் நடுவரம்பை வெட்டி வழி திறந்தார். தண்ணீர் கானானுக்குள் பாய்ந்தது.

“அண்ணன், என்ன செய்யிறீங்கள்? உங்களுக்கு உழவேணுமெல்லோ?” என்றார் அத்தான்.

“உழவு பொறுக்கும். முளை பொறுக்காது.”

“இது உங்கட வயலில விழுந்த மழை.”

“என்ர பேரைச் சொல்லிக்கொண்டோ விழுந்தது? வந்த இடத்தில விழுந்தது. நீ கொஞ்சம் அங்கால தள்ளி நில். தண்ணி வரட்டும்.”

அத்தான் தள்ளி நின்றார். வெடித்த நிலம் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வீடு வந்து சேருமட்டும் அவர் ஒருதரமும் மேலே பார்க்கவில்லை. என் ஆயுளில் அப்படி ஒரு பயணத்தை நான் கண்டதில்லை.

ஞாயிறு வந்தது. பிதாவானவர் நல்லவன் கெட்டவன் என்று பாராமல் எல்லார் மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்று இயேசு மலையில் சொன்ன பகுதியை அத்தான் வாசித்தார்.

“இதை நான் எத்தினையோ தரம் பிரசங்கிச்சனான்,” என்றார். “ஒவ்வொரு தரமும் நல்லவன்ர பக்கத்தில நிண்டுகொண்டுதான் பிரசங்கிச்சனான். மிச்சத்தை அண்ணனிட்டத்தான் சொல்லவேணும்.”

வேதத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அக்காவும் பின்னால் ஓடினோம். கண்டி வீதியில் பஸ் ஏறியபோது முதல் துளி விழுந்தது. தம்பலகாமச் சந்தியில் இறங்கும்போது வானம் பொத்துக்கொண்டு விட்டது. உண்மையான மாரி! வரம்புக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பார்க்காமல் வெளி முழுக்க அடித்துப் பெய்தது. சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அக்கா சின்னப்பிள்ளை மாதிரிச் சேற்றில் குதித்தாள். நானும் குதித்தேன், அந்த நேரம் சந்தோசத்தில் எனக்கு வயது தெரியவில்லை.

சின்னராசா அண்ணனின் வீடு தகரக் கூரை. மழை அதில் விழுந்த விழுகையில் உள்ளே ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்காது. அத்தான் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்.

“அண்ணன், பிழை என்னில.”

சின்னராசா அண்ணன் காதில் கையை வைத்தார்.

“மழைச் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை, தம்பி.”

“பிழை என்னில எண்டு சொன்னனான்!”

“பெலத்துச் சொல்லு. கோயிலில சொல்லுற மாதிரிச் சொல்லு.”

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். எலியாவைக் கூப்பிடுகிற அந்தக் குரலில், பக்கத்து வளவுக்காரர் தாழ்வாரத்துக்கு வந்து எட்டிப் பார்க்கும்படி கத்தினார்:

“அண்ணன்! பிழை! என்னில!”

சின்னராசா அண்ணனின் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்துவிட்டது. உள்ளே இருந்து அன்னலட்சுமி துவாயோடு வந்தார்.

“கந்தளாய்க்கே கேட்டிருக்கும். கத்தினது காணும், அவரை இருக்க விடுங்கோ. சோறு ஆறுது.”

அத்தான் துவாயை வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டு அந்த வீட்டுக் கதிரையில் அமர்ந்தார். முதல் கோப்பைச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு கோப்பையை நீட்டி, “இன்னும் கொஞ்சம் போடுங்கோ, மச்சாள்,” என்றார்.