சுருதி கொடுத்த டீசல் வண்டி

நண்பர்களே, சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் வந்த கையோடு நம் இமெயில் குழுவுக்கு இதை அடிக்கிறேன்.

என் கணவர் வேலை செய்யும் வண்டிக் கம்பெனியில் புதிதாக ஒரு டீசல் வண்டி தயாராகிறது. ஜீப்பும் இல்லை, வேனும் இல்லை, பெயரும் வைக்கவில்லை. ஆட்கள் நிறைய ஏறினால் உள்ளே என்ஜின் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது இவர் வேலை. இன்று அஸ்தினாபுரத்திலிருந்து, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பிய எங்கள் சர்ச் பாடகர் குழுவையே ஏற்றிக்கொண்டார்.

"சத்தம் கேக்குதா?" ஓட்டிக்கொண்டே கேட்டார் இவர்.

பாடுகிற மும்முரத்தில் யாருக்குக் கேட்கும்?

ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. பாட்டும் நின்றது. என்ஜின் மட்டும் ஒரே சீராக "ம்ம்ம்" என்றது. இவர் முகம் தொங்கிப்போனது. "இந்தச் சத்தம்தான் போகவே மாட்டேங்குது."

எங்கள் பாட்டு மாஸ்டர் சாமுவேல் துள்ளினார். "சார், கரெக்ட்டா நம்ம சுருதி! எல்லாரும் பிடிங்க!"

பிடித்தோம். கேட் திறந்ததும் இவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். சுருதி ஏறியது, கூடவே நாங்களும் ஏறினோம். தாம்பரம் வருவதற்குள் எங்கள் குழு மெர்சி அக்கா கீச்சென்று அலறிக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது சாமுவேல் கெஞ்சினார்: "சத்தத்தைக் குறைச்சிடாதீங்க சார். கியர் மட்டும் மாத்தாம ஓட்டுங்க."

நாளை ஆபீசில் இதை எப்படிச் சொல்வது என்று இவர் விழிக்கிறார். யோசனை இருந்தால் எழுதுங்கள். ஆர்மோனியம் வாங்குகிற எண்ணத்தை நாங்கள் கைவிட்டுவிட்டோம்.