ஒலிக்கான விருது

ஹாலிவுட் விருதுகளில் சிறந்த நடிகர் யார், சிறந்த படம் எது என்பதில் எனக்கும் என் அக்காவுக்கும் பெரிய அக்கறை கிடையாது. அதை ஊரே பேசிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிற பிரிவுகளில்தான் எங்களுக்குள் போட்டி. ஒலி, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, ஆடை, ஒப்பனை. இங்கே பினாங்கில் விழா திங்கட்கிழமை காலையில்தான் ஒளிபரப்பாகும். தோற்றவர் ஜெயித்தவருக்கு நாசி கண்டார் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் வாங்கிக் கொடுப்பேன்.

அக்கா பள்ளிப் படிப்பு முடிந்ததுமே கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து உதிரிபாகம் செய்கிற இடம். மெஷின் ஓட்டத் தொடங்கி, ஒரு வரிசைக்கே பொறுப்பாளராக உயர்ந்தாள். மணவாழ்க்கை முறிந்தபின் அங்கேயே பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி, ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நானும் என் மனைவியும் மகளும் அங்கே இருக்கிறோம். எனக்குத் துறைமுகம் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை.

அவளுடைய கணிப்புகளுக்குச் சட்டங்கள் இருந்தன. "ஆடைக்கு, எந்தப் படத்துல ராணி வர்றாளோ அதுக்குத்தான். ஒப்பனைக்கு, நல்லா இருக்கிற நடிகர யாரு அடையாளம் தெரியாம ஆக்குறாங்களோ அவங்களுக்கு. சவுண்டுக்கு, ஒண்ணு சண்ட, இல்லன்னா காடி ரேஸ். படம் முடிஞ்சு வெளிய வர்றப்போ நெஞ்சு அதிரணும்லா." நான் விமர்சனங்களைப் படித்துவிட்டு ஏதேதோ சொல்வேன். ஜெயிப்பது அவள்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒலிக்கான பட்டியலில் ஒரு சின்னப் படம் இருந்தது. ஏரிக்கரையில் ஒரு மரவீட்டில் தனியாக வாழும் பெண்ணின் கதை. வசனம் மிகக் குறைவு. பினாங்குத் திரையரங்குகளுக்கு அது வரவில்லை, அதனால் ஒரு ஞாயிறு மதியம் வீட்டு டிவியில் பார்த்தோம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சவுண்டுக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன் என்றேன்.

அக்கா சிரித்தாள். "இதுக்கா? இதுல சவுண்டே இல்லையேடா. பாதிப் படம் ஊமைப் படம் மாதிரி ஓடுச்சு."

"என்னக்கா இப்படிச் சொல்ற? அந்தப் பூச்சி சத்தம் எவ்ளோ நல்லா பண்ணியிருக்காங்க. அவ பயப்படுறப்போ எல்லாப் பூச்சியும் ஒரே நேரத்துல நிறுத்திடுது பாரு, அங்கதான் நமக்கே பயம் வருது."

"பூச்சியா? எங்க?"

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். அந்தக் காட்சிக்குத் திரும்பப் போய் ஓடவிட்டேன். அந்தப் பெண் ஜன்னலருகே நிற்கிறாள். சில்வண்டுகள் காதைத் துளைத்தன. "இதோ" என்றேன். அக்கா டிவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சத்தத்தை இன்னும் கூட்டினேன். சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "என்னங்க அது, பூச்சி சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. கொஞ்சம் குறைங்களேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"உன் டிவி ஸ்பீக்கர் சரியில்ல" என்றாள். நான் இயர்போனை எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி கேட்டாள். பிறகு ஒன்றைக் கழற்றி, அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல அதன் முனையைப் பார்த்தாள். "இல்ல" என்றாள். அன்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள்.

அதன்பின் வந்த ஞாயிறுகளில் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. ஆனால் பழையதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பக்கத்து அறையில் அவள் போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டாள். மெதுவாக எதைக் கேட்டாலும் "ஆமா, ஆமா" என்பாள். அதிகாரம் வந்த திமிர் என்று என் மனைவியே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். என் மகள் முன்பெல்லாம் பள்ளிக்கூடக் கதைகளை அத்தையிடம்தான் சொல்வாள். எப்போதோ நிறுத்திவிட்டாள். ஏன் என்று இப்போது கேட்டேன். "அத்தை சிரிப்பாங்கப்பா. ஆனா தப்பான இடத்துல சிரிப்பாங்க" என்றாள்.

விழா நாளில் நான் லீவு போட்டிருந்தேன். அக்காவுக்கு மதிய ஷிப்ட் என்பதால் காலையிலேயே வந்துவிட்டாள். ஒலிக்கான விருதை அவள் சொன்ன கார்ப்பந்தயப் படமே வாங்கியது.

"நீதாங்க்கா ஜெயிச்ச" என்றேன்.

வழக்கமாகக் கைதட்டுவாள். அன்று ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை நிறுத்தினாள்.

"நான் சொன்னது சரிதான். ஆனா அந்தப் பூச்சிப் படத்த நான் கேக்கவே இல்லையே. கேக்காமலே வேணாம்னு தள்ளிட்டேன்." ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு எங்க போய்ப் பாக்கணும்?" என்றாள்.

அந்த வாரமே காது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பரிசோதனை செய்தவள் ஓர் இளம் சீனப் பெண். அக்காவைக் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தும்படி மலாயில் சொன்னாள். நான் வெளியே அந்தச் சீனப் பெண்ணின் பின்னால் நின்றேன். அவள் ஒலியை அனுப்பும்போதெல்லாம் மெஷினில் ஒரு விளக்கு எரிந்தது. முதலில் அக்கா உடனுக்குடன் அழுத்தினாள். பிறகு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அக்கா பொத்தான்மேல் விரலை வைத்தபடி, பரீட்சை எழுதும் பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கனத்த சத்தங்கள் கேட்கின்றன, மெல்லிய கீச்சு சத்தங்கள் போய்விட்டன, போனது திரும்பாது என்றார் டாக்டர். காதடைப்பான் போடவில்லையா என்று கேட்டார்.

"கொடுத்தாங்க டாக்டர். ஆனா அச்சு உடையப் போறதுக்கு முன்னாடி மெஷின் சத்தம் மாறும். அடைச்சுக்கிட்டா அது தெரியாது. அதனால கழட்டிடுவேன்."

இரண்டு காதுக்கும் கேட்கும் கருவி வந்தது. முதல் நாளே அக்கா எரிச்சலானாள். பாசாரில் காய்கறி வாங்கும்போது பிளாஸ்டிக் பை சரசரப்பது மண்டைக்குள் கேட்கிறதாம். "எல்லாரும் ஏன் இவ்ளோ சத்தமா சாப்பிடுறீங்க?" என்று எங்களிடம் சண்டை போட்டாள். கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு என் மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வகுப்பில் இரண்டு தோழிகள் பிரிந்துபோன கதையைச் சொல்லத் தொடங்கினாள். அக்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில், "இரு கண்ணு" என்று பையைத் திறந்து கருவிகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இப்ப முதல்ல இருந்து சொல்லு."

கம்பெனி அவளை மெஷின் பக்கத்திலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றியது. அதில் அவளுக்கு இன்றுவரை வருத்தம்தான். அங்கே வேலை சப்பென்று இருக்கிறது என்பாள். பழைய வரிசைப் பக்கம் போகும்போதெல்லாம் காதடைப்பான் போடாத பிள்ளைகளைத் திட்டிவிட்டு வருகிறாள்.

இந்த வருடம் ஒலிப் பிரிவில் ஒரு போர்ப்படம் இருந்தது. திரையரங்கின் நாற்காலியே அதிர்ந்தது. அக்கா அதைச் சொல்லவில்லை. மழையும் பழைய வீட்டுத் தகரக் கூரையுமாக வந்த வேறொரு படத்தைச் சொன்னாள். போர்ப்படம்தான் வாங்கியது.

"அதுதான் வாங்கும்னு தெரியும்லா" என்றாள்.

"தெரிஞ்சா ஏன் இதச் சொன்ன?"

"நல்லா இருந்துச்சுடா" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்து படத்தொகுப்புக்கான உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.