ஐந்தருவியில் கேட்ட மிக்ஸி

காலையில் தென்காசி ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தேன். குடை விரித்தால் ஊர் சிரிக்கும், விரிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடி நனையும், அப்படியொரு சாரல். ஈரோட்டிலிருந்து வருகிறவளுக்கு ஆனி மாதக் குளிர் என்பதே அதிசயம். நாள் வாடகைக்குப் பேசியிருந்த கார் வாசலில் நின்றது. வெள்ளை நிறம், டீசல், கொஞ்சம் வயதான வண்டி.

“ஏறுங்கக்கா. பழசுன்னு பாக்காதீங்க, இஞ்சின் தங்கம்” என்றார் ஓட்டுநர் இசக்கி. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவரிடம் ஒரு கதை இருக்கும். குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். போய்ச் சேர்வதற்குள் கறந்துவிட்டேன்.

பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், போன மாதம்தான் சொந்தமாக இந்தக் காரை வாங்கியிருக்கிறார். வடகரையில் இருக்கும் மாமனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது பாதி வழியில படுத்துரும். நான் இதுல ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டாராம். இந்த வாரம் இசக்கியின் கொழுந்தியாளைக் கீழப்பாவூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இன்று மறுவீடு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் கீழப்பாவூரிலிருந்து வடகரைக்கு அழைத்து வருவது தன் வண்டிதான் என்று கல்யாண வீட்டிலேயே எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டார் இசக்கி. நான்கு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எனக்கும் கீழப்பாவூர் நரசிம்மரைப் பார்க்க ஆசை. ஒரே வண்டியில் இரண்டு காரியம்.

பேரருவியில் கூட்டம் தாங்கவில்லை. மதியம் ஐந்தருவிக்கு வந்தோம். மறுவீட்டுக்குப் போகும் முன் தானும் ஒரு முழுக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லி இசக்கி இறங்கினார். சாவியின் கூடு உடைந்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அதை அரைஞாண் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டார்.

“என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்களேன்.”

“சாவிய மட்டும் யாருகிட்டயும் குடுக்க மாட்டேங்கா. இங்கன குரங்கு பொல்லாதது.”

குரங்கோடு என்னையும் சேர்த்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் அவரை உட்காரவைத்து, முதுகில் நல்லெண்ணெயை ஊற்றி அடி அடியென்று அடித்தார். நான் பழக்கடைப் பக்கம் ஒதுங்கி, ரம்புட்டான் விலையைக் கேட்டு மலைத்து, பிறகு வாங்கியும்விட்டேன்.

மூன்று மணிக்கு முன்னரே இசக்கி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, நெற்றியில் திருநீறு. சாவியை அவிழ்த்துத் திருகினார். செல்ஃப் அடித்தது; நன்றாகவே அடித்தது. இஞ்சின்தான் பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். மறுபடியும் அதே கிர்ர்ர்.

எங்கிருந்துதான் வந்தார்களோ, பானட்டைத் தூக்கிய மறுநிமிடம் அதற்குள் பத்துத் தலை இருந்தது. எங்கள் தெருவில் கார் நின்றால் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு ஓரமாக நிற்போம். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை மூடிக்கொள்வார். இங்கே ஊர்ப்பட்ட வைத்தியர்கள். எனக்கு அந்தக் கூட்டம் பிடித்துப்போனது.

“ஹீட்டர் பிளக் போயிட்டு. சாரல்ல குளுந்து கெடக்குல்லா” என்றார் எண்ணெய் அண்ணாச்சி.

“காலைல இதவிடக் குளிரு. ஒரே அடில எடுத்துச்சே!” என்றார் இசக்கி.

டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும் என்றார் இன்னொருவர். கொல்லத்திலிருந்து சுற்றுலா வேன் ஓட்டி வந்திருந்த ஒரு மலையாளி, ஃபில்டருக்கு மேலிருந்த கைப் பம்பை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. காற்று இல்லை. ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் டீசலைப் பிடித்தார்கள். தண்ணீர் கலக்கவில்லை, சுத்தமாக இருந்தது. பிறகு அவர் பின்பக்கம் போய்க் குனிந்துகொண்டு, “ஒண்ணு அடிக்கூ” என்று கத்தினார். இசக்கி அடித்தார். சைலன்சரில் துளிப் புகை இல்லை.

“புகை இல்லா. உள்ளே டீசலே போவுன்னில்ல சேட்டா.”

டீசல் இருக்கிறது, வழியும் அடைக்கவில்லை, ஆனால் உள்ளே போகவில்லை. யார் தடுக்கிறார்கள்? என் ஆர்வம் ஏறிக்கொண்டே போக, இசக்கியின் முகம் இறங்கிக்கொண்டே போனது. செல்ஃபின் சத்தமும் தளர ஆரம்பித்திருந்தது. இன்னும் நாலு தடவை அடித்தால் பேட்டரியும் படுத்துவிடும் என்றார்கள். அந்த நேரம் பார்த்து மாமனாரிடமிருந்து போன். இசக்கி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, விடாப்பிடியாக இன்னொரு முறை திருகினார்.

“மாப்ள, எங்கன வாறீங்க? அது என்ன சத்தம்?”

“டீக்கடைல மிக்ஸி ஓடுது மாமா.”

“டீக்கடைல எதுக்கு மிக்ஸி?”

“ஜூஸும் போடுதாங்க.”

“வேற வண்டி சொல்லட்டா?”

“வேண்டாம் மாமா, வந்துக்கிட்டே இருக்கேன்.” போனை வைத்த இசக்கி மணியைப் பார்த்தார். பாவமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்ன சொல் ஆயிற்றே!

ஆறுதல் சொல்லத்தான் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். வேடிக்கை பார்ப்பது என் பிறவிக்குணம். கண் தானாக மீட்டர் பலகைக்குப் போனது. ஓரத்தில், சாவி படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. “இது காலையில் மின்னவில்லையே?” என்றேன்.

பானட்டுக்குள் இருந்த பத்துத் தலையும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. வேன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “வண்டிக்குச் சாவிய அடையாளம் அறியுன்னில்ல சேச்சி! சாவிக்குள்ளே ஒரு சிப் உண்டு. அது இல்லெங்கில் செல்ஃப் அடிக்கும், டீசல் விடில்ல.”

இசக்கி சாவியைப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கில் டேப் வழுக்கி நகர்ந்து, கூடு வாய் பிளந்திருந்தது. உள்ளே காலி.

“அருவியோட போயிட்டா?” அழுகிற குரல்.

“குளிச்சிட்டு வந்து சாவிய எங்கன வச்சு அவுத்தே?” என்றார் அண்ணாச்சி.

“இங்கனதான். காருகிட்ட.”

“அப்பம் வேட்டிய ஒதறுலே!”

இசக்கி என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். இரண்டு பேர் துண்டைத் திரைபோலப் பிடித்தார்கள். சிமெண்டுத் தரையில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒரே கூச்சல். இடுப்பு மடிப்பில் சிக்கியிருந்த சிப், அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு. அதைத் துடைத்துக் கூட்டுக்குள் வைத்து, என் கைப்பையிலிருந்த காயப் பிளாஸ்திரியால் சுற்றினோம்.

சாவியைத் திருகியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. தளர்ந்திருந்த செல்ஃப் ஒருமுறை முனகி, இஞ்சின் பிடித்தது. கைதட்டியவர்களுக்கு என் ரம்புட்டான் பை போதவில்லை.

கீழப்பாவூரில் நரசிம்மரை வெளியே நின்று கும்பிட்டதோடு சரி, நேரமில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் ஏற, நான் முன்னால். “சாப்பிடாமப் போகக் கூடாதுக்கா” என்று என்னையும் வடகரைக்கே கூட்டிப்போனார்கள்.

வாசலில் ஆரத்தி எடுத்து மணமக்களை உள்ளே அழைத்துப் போனார்கள். மாமனார் மட்டும் உள்ளே போகவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இசக்கியின் கையிலிருந்த சாவியையும் அதன் பிளாஸ்திரியையும் பார்த்தார்.

“மிக்ஸி சரியாயிட்டா மாப்ள?”

இசக்கி தலையைக் குனிந்துகொண்டார். “ஆயிட்டு மாமா.”

“பந்திக்குத் தயிர் பத்தாது. கடைக்குப் போவணும்” என்ற மாமனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். “எடுங்க வண்டிய.”