ஒற்றைக் குழி மைதானம்

கொழும்பிலிருந்து வந்த எங்கள் வங்கியின் பெரிய முகாமையாளரிடம், எனக்கும் கோல்ஃப் தெரியும் என்று பெருமைக்குச் சொல்லிவிட்டேன். என் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து விளையாடுவோம்" என்றார். அவசரமாகப் பழகிக்கொள்ள ஹட்டனிலிருந்து நுவரெலியா கோல்ஃப் மைதானத்துக்கு ஓடினேன்.

அங்கே என் மட்டைப் பையைச் சுமந்து வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. யார் அடித்தாலும் பந்தைப் பார்க்கமாட்டார். அடிப்பவரின் கால்களை வைத்தியர் போலக் கவனிப்பார். என் முதல் பந்து ஓடையில் விழுந்தது. இரண்டாவது, வீதியில் போன ஓட்டோவுக்குள் விழுந்து அதிலேயே போய்விட்டது.

"கோவிச்சுக்காதீங்க சார், இந்த கிரவுண்டு உங்களுக்கு ஒத்து வராதுங்க," என்றார் அவர்.

"வேற எதுங்க ஒத்து வரும்?"

"பூண்டுலோயாவுல எங்க தோட்டத்து கிரவுண்டு. ஒரே குழிதாங்க. தண்ணி டேங்கி கட்டத் தோண்டுனது."

மறுநாள் அங்கே எட்டாவது அடியில் பந்தைக் குழிக்குள் போட்டேன். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கைதட்டினார்கள். அந்தத் தைரியத்தில் ஞாயிறன்று முகாமையாளரையும் அங்கேயே அழைத்துப் போனேன்.

அவர் அடித்த பந்து வானுயரப் பறந்து, குழியைத் தாண்டித் தேயிலைக்குள் மறைந்தது. மூன்று முறையும் அப்படித்தான்.

"ஐயாவுக்கு நுவரெலியாவே போதுங்க," என்றார், அன்றும் பை சுமந்து வந்திருந்த அந்தத் தொப்பிக்காரர், பரிவோடு. "இங்க வெளையாட இன்னும் கொஞ்சம் பழகணும்."

முகாமையாளர் தலையாட்டினார். தொப்பிக்காரர் என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரா, மனதார நம்பித்தான் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.